செவலை ஜீப்பின் கயிறு

உறைமோர் கேட்டுப் போனால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஊற்றிக் கொடுப்பார்கள். எதிர்வீட்டு அக்காவும் கொடுப்பாள். ஆனால் ஊற்றிய கையோடு கரண்டி நுனியால் என் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டைத் திரும்ப எடுத்துத் தன் பானையில் தட்டிக்கொள்வாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதிது. யாரிடமும் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கமாட்டேன். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தங்கச்சி அப்படிப் பாக்குற? சரியான கஞ்சம்னு நெனைக்கிறியா?" என்றாள் அக்கா. "மொத்தமா குடுத்துட்டா அதுக்குத் திரும்பி வர வழி தெரியாது. ஒரு சொட்டு இங்க கெடந்தா அதத் தேடிக்கிட்டு மிச்சமும் வந்து சேரும்."

அதுதான் அக்கா. எதைக் கொடுத்தாலும் துளி எடுத்து வைத்துக்கொள்வாள். கூலி நெல்லை வியாபாரிக்கு அளந்து போட்டால், மூட்டையைத் தைக்கும் முன் ஒரு பிடி அள்ளி மடியில் கட்டிக்கொள்வாள். வியாபாரிக்கும் அது பழகிவிட்டது. "ஒங்க பிடி எடுத்தாச்சாம்மா, தூக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையில் கை வைப்பார். கோயிலுக்குக் கனகாம்பரம் கட்டிக் கொடுத்தால் கடைசிப் பூவைக் கிள்ளிக்கொள்வாள். மகள் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட நேரத்தில், கட்டிப்பிடித்து அழுதுகொண்டே அவள் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போய் மருமகள் கழுத்தையும் காதையும் தடவிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சண்டையிலும் இதே வழக்கம்தான். நடவு வயலில் யாராவது அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டால் வரப்பு அதிரத் திட்டுவாள். எல்லாம் திட்டி முடித்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "இன்னும் ஒரு வார்த்த இருக்கு. அத எங்கிட்டயே வெச்சிக்கிறேன், போ" என்பாள். அந்த ஒரு வார்த்தை என்னவோ என்று நினைத்து நினைத்தே எதிராளி மறுநாள் சமாதானத்துக்கு வந்துவிடுவாள்.

எங்கள் பக்கத்தில் மாடு விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றோடு வருவார். பழைய கயிறு விற்றவர் வீட்டுத் தொழுவத்திலேயே தொங்கும். மாடு போனாலும் தொழுவத்தின் லட்சுமி போகாது என்று நம்பிக்கை. ஊரே செய்வதுதான். ஆனால் ஜீப்பு விற்று அதற்கும் கயிற்றைப் பிடித்து வைத்துக்கொண்டது அக்கா ஒருத்திதான்.

அக்காவின் வீட்டுக்காரர் பண்ணையில் ஜீப்பு ஓட்டினவர். மிராசுதார் ஐயா புதுக் கார் வாங்கியபோது, காரைத் தானே ஓட்டிக்கொள்வதாகச் சொல்லி, பழைய ஜீப்பை டிரைவரின் தலையில் கட்டிவிட்டார். வீட்டுக்காரர் அதை அக்கா பேரில் பதிந்தார். வீட்டில் எது வந்தாலும் அக்கா பேரில்தான், ராசி அப்படி. மங்கின சிவப்பு வண்டி என்பதால் அதற்குச் செவலை என்று பேர் வைத்தாள் அக்கா. மாட்டுப் பொங்கலன்று அதற்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொட்டு வைப்பாள். கல்யாணம், காது குத்து என்று வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை விழுந்து எதிரில் வருவது ஆளா மரமா என்று தெரியாமல் போனதும் விற்க வேண்டியதாயிற்று.

தரங்கம்பாடியிலிருந்து மீன் வியாபாரி ஒருவர் மனைவியோடு பஸ் ஏறி வந்தார். விலை படிந்தது. அக்கா ஜீப்புக்குச் சூடம் காட்டிச் சாவியைக் கொடுத்தாள்.

"ஆர்.சி. புக்கு?" என்றார் வியாபாரி.

"அத எப்படிங்க குடுக்குறது? அதுதானே கயிறு" என்றாள் அக்கா.

வியாபாரி அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தென்னை மரத்தைப் பார்த்தார்.

"பெட்ரோல் ஊத்துனா ஓடுற வண்டிக்குப் புக்கு எதுக்குங்க?" என்று கேட்டாள் அக்கா.

வீட்டுக்காரரும் மெல்ல ஒத்து ஊதினார். "இந்த ஊர்ல நெலத்துக்கே பட்டா செத்துப்போன பாட்டன் பேருலதான் ஓடுது. வண்டிக்கு என்ன அவசரம்? மெதுவா மாத்திக்கலாம்."

வியாபாரியின் மனைவி சிரித்துவிட்டாள். "எங்களுக்கு மாடு பழக்கமில்லக்கா. மாட்டு சாஸ்திரம் நீங்க சொல்றதுதான். வாங்க, போவம்" என்று புருஷனை இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். அக்கா புத்தகத்தைக் கொண்டுபோய்த் தொழுவத்தில் கயிறுகள் தொங்குகிற ஆணியில் ஒரு பையில் போட்டு மாட்டினாள்.

அதற்குப் பிறகு தபால்காரர் அக்கா வீட்டு வாசலில் அடிக்கடி நிற்க ஆரம்பித்தார்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் தெருவில் பெண்பிள்ளைகளில் நான்தான் பெரிய படிப்பு. முதலில் வந்த காகிதத்தை அக்கா என் கையில் கொடுத்தாள். பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாமல் வாகனம் ஓட்டிய குற்றம் என்று போட்டிருந்தது.

"எந்த ஊர்ல?" என்றாள் அக்கா.

"பொறையாறு கடைத்தெருன்னு போட்டிருக்குக்கா."

"பொறையாறு வரைக்கும் போவுதா?" அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "ந்தாங்க, செவலை பொறையாறு கடைத்தெருவுல நிக்குதாம்" என்று சத்தமாகச் சொன்னாள். அன்று சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

அடுத்தது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதற்கு. திருக்கடையூர்க் கோயில் பக்கத்தில் பிடித்திருந்தார்கள். "யாரோ அறுபதாங் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. புண்ணியந்தானே" என்றாள் அக்கா. அடுத்தது, சாலை நெடுக மீன் தண்ணீர் ஒழுகவிட்டதற்கு. அதற்கு மட்டும் கொஞ்சம் முகம் சுளித்தாள். "கழுவி வுடமாட்டாங்களோ?" நடுவில் ரோடு வரி பாக்கி என்றும் ஒன்று வந்தது. அதில் ஊர்பேர் எதுவும் இல்லாததால் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து வருகிற கடுதாசி போலத்தான் அவள் அந்தக் காகிதங்களைக் கேட்டாள். டவுன் கோர்ட்டுக்கு வரச்சொல்லி ஒன்று வந்தபோதும் பயப்படவில்லை. என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

"வண்டி ஒன்னோடதாம்மா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"ஆமாங்க. வித்துட்டேங்க."

"வித்துட்டா ஒன்னோடது இல்லையே."

"கயிறு எங்கிட்டதானேங்க இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த குமாஸ்தா எங்கள் பக்கத்து ஆள் போலிருக்கிறது, எழுந்து அவர் காதில் என்னவோ சொன்னார். மாஜிஸ்திரேட் குனிந்து வெகுநேரம் மேஜையில் எதையோ தேடினார். நிமிர்ந்தபோது சிரிப்பை அடக்கி முகம் சிவந்திருந்தது.

"அபராதத்தக் கட்டிடும்மா. கட்டிட்டு மொதல்ல அந்தக் கயித்தக் குடுத்துடு. இல்லேன்னா பெரிய வம்புல மாட்டிக்குவ."

திரும்பி வருகையில் பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "நல்ல மனுசன். அவரு வீட்டுலயும் மாடு இருக்கும் போல."

அவர் சொன்ன பெரிய வம்பு வந்தது.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அறுவடை வந்தால் வயலுக்கு ஆள் வருகிற முன்னே போலீஸ் லாரி வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் கூலிக்காரர் சங்கத்தில் இருந்தார். அவர் வீடு திரும்புகிற வரை எனக்கு அடுப்பில் கவனம் இருக்காது. எங்கள் தெருவே பண்ணை மண்ணில் இருந்தது. ஐயா கோபப்பட்டால் அன்றைக்கே கூரையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அப்போதுதான் குடியிருக்கிற மனை கூலிக்காரர்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. பட்டா கொடுக்குமுன் விசாரிக்க ஓர் அதிகாரி வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தார். கரைவேட்டிக்காரர்கள் ஒரு பக்கம், சங்கத்துக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் நாங்கள்.

அக்காவின் முறை வந்ததும் பண்ணைக் கணக்குப்பிள்ளை எழுந்து ஒரு மனுவை நீட்டினார். "இவங்க விவசாயக் கூலி இல்லீங்க. மோட்டார் முதலாளி. இவங்க பேர்ல ஜீப்பு ஓடுது."

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். சேற்றுக்காலோடு வந்திருந்த அக்காவும் சிரித்தாள். அதிகாரி சிரிக்கவில்லை.

"ஒங்க பேர்ல ஜீப்பு இருக்காம்மா?"

"வித்துட்டேங்க."

"பேரு மாத்தியாச்சா?"

அக்கா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அவளிடம் வார்த்தை இல்லாமல் போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த விசாரணைக்குள் பேர் மாற்றிய அத்தாட்சியைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் மனை கிடையாது என்று சொல்லிவிட்டார் அதிகாரி.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் தாங்கவில்லை. "அது யாரு ஜீப்பு? மிராசுதாரே தலையில கட்டுன ஜீப்பு. இப்ப அதையே கொண்டாந்து சாட்சியா நிறுத்துறாரு பாரு" என்று வழிநெடுகக் கத்திக்கொண்டு வந்தார்.

அக்கா நேராக வீட்டுக்கு வந்தாள். தொழுவத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் வீட்டுக்காரர் கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். வெளியே போனால் தடுமாறுகிற மனிதர், அந்த வாசலுக்குள் மட்டும் கண் தெரிகிறவர் மாதிரி நடப்பார். எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் முளைக்குச்சி என்று காலுக்குத் தெரியும். வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டால் அவர் நாலு எட்டு வைக்கமாட்டார். அக்கா அவர் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆணியிலிருந்த பையை எடுத்தாள்.

"கயித்த அவுத்து வுடச் சொல்றாங்க தங்கச்சி. நீயும் வா. எனக்குத் தனியா போனா மனசு வராது" என்றாள்.

தரங்கம்பாடியில்தான் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். அக்கா கடலைப் பார்க்கவில்லை. கரையில் நின்ற ஜீப்பைப் பார்த்தாள். வண்டி முழுக்க மீன் செதில் ஒட்டி வெயிலில் மினுமினுத்தது. கிட்டே போய் மூக்கில் தட்டிக் கொடுத்தாள். "துருப்புடிச்சுப் போச்சேடா செவல. ஆனா நல்லா வேல செய்யிற போல" என்றாள்.

வியாபாரியும் மனைவியும் எங்களை விடவில்லை. மீன் குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டார்கள். அக்கா விஷயத்தைச் சொன்னாள். வியாபாரி, "இதுக்கென்னங்க, இன்னைக்கே ஆபீசுக்குப் போவம்" என்று சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆனால் அக்கா புத்தகத்தை மடியை விட்டு எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொடுக்கத்தான் வந்திருந்தாள். கை வரவில்லை.

வியாபாரியின் மனைவி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க்கா, எங்க மாமனாரு போன வருசம் ஒரு கட்டுமரத்த வித்தாரு. ஒங்கள மாதிரி கயித்த மட்டும் அவுத்து வெச்சிக்கிட்டுக் குடுத்திருந்தா வாங்குனவரு கதி என்ன ஆவும், சொல்லுங்க."

"என்ன ஆவும்?"

"அங்க பாருங்க."

கரையில் ஒரு பெரியவர் மரங்களைச் சேர்த்து வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். காலை ஊன்றி இழுத்து இழுத்துக் கட்டினார்.

"கயிறு இருந்தாத்தான் அது கட்டுமரம். அவுத்துட்டா வெறும் மரம். அலையில எறங்குனா ஆளுக்கு ஒரு பக்கம் போவும். கயித்தக் குடுக்கலேன்னா எங்க ஊர்ல அது வித்த கணக்கே இல்லக்கா."

அக்கா அந்தப் பெரியவர் கடைசி முடிச்சைப் போடுகிற வரைக்கும் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா நான் ஒனக்குக் குடுத்தது வெறும் மரந்தானா?"

"அதுலதான் மீன ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போயிட்டிருந்தோம். பயமாத்தான் இருந்துச்சு, ஒங்க மனசு நோவக் கூடாதேன்னு பேசாம இருந்தோம்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் உடம்பெல்லாம் குலுங்கும். சிரித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். வைத்துவிட்டு ஒன்று சொன்னாள்: "ஒம் பேருக்கே மாத்திக்க. பொம்பள பேருல இருந்தா வண்டி நெலச்சு நிக்கும்." வியாபாரி தென்னை மரத்தைப் பார்த்தார்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்னொரு கூத்து. விற்றவர் உடனே தெரிவிக்கவில்லை, வாங்கினவர் உடனே மாற்றவில்லை என்று தாமதத்துக்கு அபராதம் போட்டார்கள். அதை யார் கட்டுவது என்று இரண்டு பெண்களும் சண்டைக்கு நின்றார்கள். "நாந்தானே கயித்த வெச்சிருந்தேன், நாந்தான் கட்டுவேன்" என்கிறாள் அக்கா. "ஓட்டுனது நாங்க, நாங்கதான் கட்டுவம்" என்கிறாள் அவள். ஒருத்தி கொடுத்ததை இன்னொருத்தி பிடுங்கிக் கொடுக்கிறாள். "அபராதம் கட்டமாட்டேன்னு சண்ட போடுறவங்களத்தான் பாத்திருக்கேன். யாராவது ஒருத்தர் கட்டிட்டு நவுருங்கம்மா" என்றார் குமாஸ்தா. அக்கா இடது பெருவிரலை உருட்டி வைத்தாள். செவலை போய்விட்டது.

முழுக்கப் போகவில்லை. வெளியே வந்ததும் ஜீப்பின் பக்கவாட்டிலிருந்த, ரப்பர் பந்தை அமுக்கினால் கத்துகிற பழைய ஹாரனை வியாபாரியிடம் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். "அத எடுத்துட்டா வழியில நிக்கிறவங்கள எப்படி வெலக்குறதுங்க?" என்றார் அவர். "நீங்க எட்டிக் கத்துங்க, போதும். ஒங்க தொண்டைக்கு இது எதுக்கு?" என்றாள் அக்கா. ஹாரன் தொழுவத்து ஆணிக்கு வந்தது. பிறகு செவலை எங்கள் சந்தைக்கு மீன் கொண்டுவந்து திரும்பும்போதெல்லாம் அக்கா வாசலுக்கு ஓடிப்போய் அதை அமுக்குவாள். வண்டிக்குள்ளிருந்து அந்த மீன்காரப் பெண் கையை ஆட்டுவாள்.

அடுத்த விசாரணையில் கணக்குப்பிள்ளைக்கு நீட்ட மனு இல்லை. பட்டா வந்தது. மைக் வைத்து, மாலை போட்டு, பேர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அக்கா தன் பட்டாவை என்னிடம் நீட்டினாள். அவள் பேரை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன்.

மறுநாள் காலையில் அக்கா வாசலில் குனிந்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, "வா தங்கச்சி, பண்ண வீட்டுக்குப் போயிட்டு வந்துடுவம்" என்றாள்.

என் வீட்டுக்காரர் மறித்துக்கொண்டார். "எக்கா, அடிபட்டு, ஜெயிலுக்குப் போயி வாங்குன மண்ணு. அத அவுங்க வீட்டுக்கே தூக்கிட்டுப் போறீங்களா?"

"நீங்க போராடி வாங்குனது பூராவும் இங்கதானே தம்பி கெடக்கு. ஒரு பிடிதான் போவுது. அவரு தொழுவத்துலேந்து வந்தது, கயிறு அவருகிட்ட இருக்கட்டும். அப்பத்தான் நமக்கு நெலைக்கும்."

"நம்ம மேல மனு குடுத்தவருக்கா."

"அதுக்குத்தான் ஒரு வார்த்த வெச்சிருக்கேன். அதச் சொல்லமாட்டேன்" என்றாள் அக்கா.

நான் பின்னாலேயே போனேன். அதுவரை நாங்கள் யாரும் பண்ணை வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போனதில்லை. அக்கா முன்வாசல் வழியாகவே போனாள். மிராசுதார் ஐயா ஒரு துணியை வைத்துக்கொண்டு தன் காரைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் வீட்டுக்காரருக்குப் பிறகு அவர் வேறு டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை.

"என்ன?" என்றார்.

"மண்ணுங்கய்யா."

"அது தெரியுது. எதுக்கு?"

"ஒங்க மண்ணு எங்க பேருக்கு வந்துட்டுங்க. மாட்டக் குடுத்தா கயிறு குடுத்தவங்க வீட்டுலதானே நிக்கணும். அதான் ஒரு பிடி கொண்டாந்தேன்."

"நான் எங்க குடுத்தேன்? கவர்மெண்டுல்ல புடுங்கிக் குடுத்துச்சு."

"யாரு அவுத்தா என்னங்க, ஒங்க தொழுவத்து மாடுதானே."

ஐயா கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். மண்ணில் ஒரு புல்லின் வேர் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் முழுக்க நில உச்சவரம்பு, குத்தகை, மனை என்று காகிதம் காகிதமாகக் கையெழுத்துப் போட்டுக் களைத்துப் போயிருந்தார்.

"இதுக்கு எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

"இதுக்குக் கையெழுத்து கெடையாதுங்கய்யா. கைய நீட்டுனா போதும்."

அவர் துணியைக் கார் மேல் போட்டார். உடனே நீட்டிவிடவில்லை. வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். அக்கா கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். மண் முழுக்க அவர் கையில் விழுந்தது.

கிளம்பப் போகிறோம் என்று நான் திரும்பினேன். அக்கா திரும்பவில்லை. இரண்டு விரலை நீட்டி, அவர் கையிலிருந்து ஒரு சிட்டிகையைக் கிள்ளித் தன் கிண்ணத்தில் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"இது எதுக்கு?" என்றார் ஐயா.

"மொத்தமா குடுத்துட முடியுங்களா?" என்றாள் அக்கா.

ஐயா சிரித்தார். கை இரண்டிலும் மண் இருந்ததால் அவரால் வாயைப் பொத்திக்கொள்ள முடியவில்லை.